மலையகத் தாயின் தாயகம்

போரின் வரலாற்றை எழுதுவோர் படைகளை எண்ணுகின்றனர்; ஒப்பந்தங்களை எண்ணுகின்றனர். தீயினின்று தப்பி, அயலூரில் மூன்று கல் அடுக்கி அடுப்பு மூட்டி, சிதறிய குடும்பத்தை மீண்டும் சேர்த்த தாயை எண்ணுவோர் அரியர். நுவரெலியா, ஹட்டன் மலைகளிலிருந்து பெயர்ந்து தமிழ்நாட்டு முகாம்களுக்கு வந்து சேர்ந்த தாய்மாரைப் பற்றியே இங்கு எழுதுகிறோம். அவர்களை அகதிகள் என்கிறோம். அகதி என்பவர் அந்நிய நாட்டில் அடைக்கலம் புகுந்தவர். அப்படியானால் இந்தத் தாய்க்கு அந்நிய நாடு எது?

அவளுடைய முன்னோர் தமிழகத்தின் வறண்ட சிற்றூர்களிலிருந்து கங்காணியின் பின்னே புறப்பட்டவர்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலைப் பயிர் மலையெங்கும் பரவியபோது, அதற்கு ஆயிரமாயிரம் கைகள் வேண்டியிருந்தன. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கிற்று. அவ்வழியே சென்ற தொழிலாளரை, இராமேசுவரத்தை அடுத்த மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமில் சில நாள் நிறுத்தி, நோயில்லை என்று கண்ட பின்னரே கடலைக் கடக்க விட்டனர். மண்டபம் என்னும் இவ்வூரை வாசகர்கள் நினைவில் இருத்த வேண்டுகிறோம்.

மலையில் கிடைத்தது பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பரா. விடியலில் பெரட்டு, பின்பு முதுகில் கொழுந்துக் கூடை, குழந்தையோ பிள்ளைக் காம்பராவில். தலைமுறைகள் அங்கே பிறந்து, தேயிலைச் செடியின் அடியிலேயே உரமாயின. ஆயினும் 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் என்ன கேட்டது? உன் தந்தை இலங்கையில் பிறந்தவரா? அன்றேல், தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்களா? லயத்தில் பிறந்த ஏழைக்குச் சான்றுப் பத்திரம் எங்கிருந்து வரும்? தாயைப் பற்றி அச்சட்டம் கேட்கவே இல்லை. ஏறத்தாழ ஏழு இலட்சம் மக்கள் நாடற்றவராயினர்.

1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரியாரும் செய்த ஒப்பந்தம், 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டனர். சரக்கைப் பங்கிடுவோர் சரக்கிடம் கருத்துக் கேட்பதில்லை அன்றோ!

1973-74இல் தோட்டங்களில் பட்டினி தலைவிரித்தாடியது. 1977 ஆகஸ்டில் வெடித்த இனக்கலவரம் லயங்களையும் விட்டுவைக்கவில்லை. உயிர் பிழைத்த குடும்பங்கள் பல வடக்கே வவுனியாவை நோக்கி நடந்தன. காந்தியம் இயக்கத்தின் டேவிட், டாக்டர் இராஜசுந்தரம் ஆகியோரின் துணையால் காடு வெட்டி, கிணறு தோண்டிக் குடியமர்ந்தன. அந்த நிழலும் நிலைக்கவில்லை. 1983 ஜூலையில் இராஜசுந்தரம் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். 1984இல் டொலர், கென்ட் பண்ணைகளிலிருந்து மலையக மக்கள் விரட்டப்பட்டனர். அந்த ஆண்டிலேயே தலைமன்னார்க் கப்பலும் நின்றது. பிள்ளைகளை அணைத்துக்கொண்டு மீன்பிடி படகில் ஏறிய தாய் எங்கே பதியப்பட்டாள்? அதே மண்டபத்தில்! முன்னோரை நோயில்லை என்று அனுப்பிய இடம், பேத்தியை அகதி என்று ஏற்றது.

முகாமில் பத்தடிக்குப் பத்தடி அறை. பெரட்டுக்குப் பதில் தலைக்கணக்கு. கொழுந்து கிள்ளிய விரல்கள் இங்கே சித்தாளின் மண்சட்டியைச் சுமந்தன. உதவித்தொகையில் மிச்சம் பிடித்து, சேலையைத் திரையாக்கி அறையை இரண்டாக்கி, மகள் படிக்க ஒரு மூலை ஒதுக்கியவள் தாய். 1984இல் சந்திரகாசன் நிறுவிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் கல்விக்குத் துணை நின்றது. பட்டம் பெற்ற பிள்ளைகள் பலர் உண்டு. ஆனால் குடியுரிமை இல்லாத பட்டத்துக்கு அரசாங்க வேலையின் கதவு திறப்பதில்லை.

இத்தகைய தாய் ஒருத்திக்கு மூன்று பிள்ளைகள் என்று கொள்வோம். மூத்தவன் ஹட்டன் தோட்டத்தில் பிறந்தான். இரண்டாமவள் 1986இல் மண்டபத்தில். இளையவன் 1988இல் அதே முகாமில். இந்தியச் சட்டப்படி 1987 ஜூலை 1க்கு முன் இம்மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமக்கள். அதற்குப் பின் பிறந்தோர்க்குப் பெற்றோரில் ஒருவரேனும் குடிமகனாய் இருத்தல் வேண்டும். ஆகவே ஒரு வயிற்றில் பிறந்த மூவரில் ஒருத்தி இந்தியக் குடிமகள், மற்றிருவர் அகதிகள். அந்த ஒருத்தியின் உரிமையும் தானே கனியவில்லை. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த பெண்ணொருவருக்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது 2022இல்தான். 2024இல் அவர் முதன்முறையாக வாக்களித்தார். முப்பத்தெட்டு ஆண்டுகள்!

2019இல் திருத்தப்பட்ட இந்தியக் குடியுரிமைச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்காளதேசம் ஆகிய நாடுகளிலிருந்து வந்தோரையே கருதியது, இலங்கையை நினைக்கவில்லை. 2021இல் தமிழ்நாட்டு அரசு அகதி முகாமை மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. நல்ல சொல்; வரவேற்கிறோம். ஆனால் மறுவாழ்வை அந்தத் தாய் பெயர்ப்பலகைக்கு முன்பே தொடங்கிவிட்டாள். அவளுக்கு இனி வேண்டுவது இரக்கமன்று. முன்னோர் இங்கிருந்தே சென்றவர்கள் என்பதை ஏற்று, அவள் விரும்பினால் அவளுக்கும், அவள் பிள்ளைகள் மூவருக்கும், ஒரே குடியுரிமை வழங்கும் சட்டம் வேண்டும். தாயின் வழியை எண்ணாத சட்டத்தால் நேர்ந்த அநீதியை, தாயை எண்ணும் சட்டமே தீர்க்கும்.