இரு குவளைக் காப்பி

ஈஜிபுராவின் குறுகிய தெருக்களில் விடியற்காலையில் நடப்போர், கட்டட வேலைக்குச் செல்லும் நம்மவரையும், கோரமங்கலத்து வீடுகளுக்குப் பணிக்குச் செல்லும் மகளிரையும் காப்பிக் கடை வாயில்களில் காண்பர். "பை டூ" என்று கேட்டால் போதும். கடைக்காரர் ஓர் அளவுக் காப்பியை இரு குவளைகளில் பகிர்ந்து தருவார். பெங்களூரின் இச்சிறு வழக்கத்தை வெறும் சிக்கனம் என்று நாம் தள்ளிவிடலாகாது. குடிபெயர்ந்து வந்த நம் மக்களின் வரலாறு அக்குவளைகளில் உண்டு.

நம் முன்னோர்க்குக் காலையில் தெம்பளித்தது நீராகாரமே. அதன் இடத்தைக் காப்பி கவர்ந்தபோது எழுந்த கூக்குரலை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்னும் நூலில் சுவைபட விளக்கியுள்ளார். காப்பி உடலைக் கெடுக்கும், குடும்பத்தையும் கெடுக்கும் என்றெல்லாம் அன்று எழுதினர். எழுதியவர்களும் ஒரு வாய் அருந்தித் தெளிந்தபின்தான் எழுதினரோ என்னவோ! களைப்பை மூளைக்கு அறிவிக்கும் பொருளைக் காஃபீன் தடுத்து நிறுத்துகிறது. அதனாலேயே சோர்வு நீங்கியதாக உணர்கிறோம். நாம் விரும்பிக் கலக்கும் சிக்கரியில் அக்காஃபீன் இல்லை. அது தருவது நிறமும் கசப்பும் மட்டுமே.

மெக்கா யாத்திரை சென்று திரும்பிய பாபா புதன் என்னும் சூஃபிப் பெரியார், ஏழு காப்பி விதைகளை மறைத்துக் கொணர்ந்து சிக்கமகளூர் மலையில் விதைத்தார் என்பது 17ஆம் நூற்றாண்டைப் பற்றிய செவிவழிச் செய்தி. அம்மலை இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அந்த இனிய கதைக்கு மறுபுறம் ஒன்றுண்டு. 19ஆம் நூற்றாண்டில் மைசூர், குடகு மலைத் தோட்டங்களுக்கும், கடல் கடந்து இலங்கையின் கண்டிச் சீமைக்கும் தமிழ்நாட்டு ஏழைகள் கூலிகளாகச் சென்றனர். மன்னார் வழியே காட்டுப் பாதையில் நடந்தோருள் பலர், நோயாலும் பசியாலும் தோட்டத்தை அடையாமலே மாண்டனர். அவர் வளர்த்த கொட்டை கப்பலேறி ஐரோப்பா சென்றது. 1869இல் இலங்கையில் தோன்றிய இலைத்துரு நோய் காப்பித் தோட்டங்களை அழிக்க, அதே மலைகளில் தேயிலை வந்தது. கூலிகள் மட்டும் மாறவில்லை.

நகரங்களில் காப்பி ஓட்டல்கள் பெருகின. ஆயினும் அங்கே எல்லாரும் ஒன்றாக அமர இயலவில்லை. 'பிராமணாள்' என்னும் சொல் பெயர்ப்பலகைகளில் விளங்கிற்று. தனி இடங்களும் இருந்தன. அச்சொல்லை அகற்றக் கோரிப் பெரியாரின் இயக்கத்தார் 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணி முரளி கபே முன் மறியல் செய்தனர். சிற்றூர்த் தேநீர்க் கடைகளிலோ இரட்டைக் குவளை முறை நிலவிற்று. தாழ்த்தப்பட்டோர்க்கெனத் தனிக் குவளை வைத்த அக்கொடுமை பல ஊர்களில் நெடுங்காலம் நீடித்தது. உழைத்துக் களைத்தவன் ஒரு வாய் தேநீர் பருக வந்த இடத்திலும் அவமானத்தையே பருக நேர்ந்தது. ஊரை விட்டு நகரம் நோக்கி வந்தோர் பலர், வறுமையோடு இதனையும் விட்டே வந்தனர் என்பது நம் கருத்து.

அதே 1957இல் பெங்களூரில் வேறொரு நிகழ்ச்சி நடந்தது. காப்பி வாரியம் தன் காப்பி விடுதிகளை மூடத் தொடங்கியபோது வேலையிழந்த தொழிலாளர், ஏ. கே. கோபாலனின் ஊக்கத்தால் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, தாமே விடுதிகளை நடத்த முன்வந்தனர். தலைப்பாகை அணிந்து காப்பி பரிமாறிய பணியாளரே உரிமையாளரும் ஆயினர்!

1980களில் இந்நகரில் பரவிய தர்சினி உணவகங்களில் நாற்காலியே கிடையாது. சீட்டு வாங்கி, நின்றபடியே உண்டு செல்ல வேண்டும். இடமும் செலவும் கருதிச் செய்த ஏற்பாடுதான். எனினும் யார் எங்கே அமர்வது என்ற வினாவுக்கே அங்கு வேலையில்லை. ஈஜிபுராக் கடைகளிலும் அப்படியே. கலவைச் சட்டியைத் தரையில் வைத்துவிட்டு வரும் கொத்தனாரும், அவரோடு வேலை செய்யும் சித்தாளும் ஒரே காப்பியைப் பகிர்ந்து பருகுகின்றனர். இரு குவளைகளும் ஒரே தட்டிலிருந்து எடுக்கப்பட்டவை. பருகியபின் ஒரே தொட்டியில் கழுவப்படுபவை.

"சர்க்கரை கொஞ்சம் தூக்கலாப் போடுங்கண்ணே" என்பார் ஒருவர். கடைக்காரரும் பாதிக்குச் சற்று மேலாகவே இரண்டிலும் ஊற்றுவார்.