இடவப்பாதிக்கு முன் ஓர் இல்லம்

தமிழகத்து ஊர்களிலிருந்து பிழைப்பு நாடி மட்டாஞ்சேரிக்கு வந்த குடும்பங்கள், இங்கே மொழியைக் கற்பதற்கு முன்பே மழையைக் கற்க வேண்டியிருந்தது. பாண்டி நாட்டில் மழையை வேண்டிப் பொங்கலிட்டு வளர்ந்தவர்கள் நம் முன்னோர். தமிழகம் முழுவதற்கும் சராசரியாக ஆண்டுக்கு ஆயிரம் மில்லிமீட்டருக்கும் குறைவாகவே மழை பெய்கிறது. கொச்சியிலோ ஏறத்தாழ மூவாயிரம் மில்லிமீட்டர். அதிலும் பெரும்பங்கு ஜூன் தொடங்கி நான்கே திங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். மேட மாதத்தில் வந்திறங்கிய தமிழன், 'இத்துணைப் பசுமையான ஊரா!' என்று வியந்து நின்றான். கர்க்கடகத்தில் அவனே, 'கதிரவன் எங்கே?' என்று வினவலானான்.

மலையாள ஆண்டின் இடவ மாதம் பாதி கடக்கும்போது, அதாவது மே இறுதியிலோ ஜூன் தொடக்கத்திலோ, தென்மேற்குப் பருவமழை இறங்குகிறது. ஆகவே மக்கள் அதனை இடவப்பாதி என்றே அழைப்பாராயினர். குளிர்நாட்டார் பனிப்புயலுக்கு அஞ்சி வீட்டை ஆயத்தம் செய்வது போன்று, இக்கரையில் வாழ்ந்தோர் ஆண்டுதோறும் இடவப்பாதிக்கு முன் இல்லத்தை ஆயத்தம் செய்தனர். அரசர், போர், கோட்டை என்று எழுதப்படும் கொச்சி வரலாற்றில் இவ்வாயத்தத்திற்கு இடமில்லை. ஆயினும் கொச்சியை உண்டாக்கியதே ஒரு வெள்ளம்தான் என்பதை மறத்தலாகாது. 1341ஆம் ஆண்டில் பெரியாற்றில் பெருகிய வெள்ளம் பழைய முசிறித் துறையைத் தூர்த்துக் கொச்சி முகத்துவாரத்தை ஆழப்படுத்தியது என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. அவ்வாண்டையே தொடக்கமாகக் கொண்டு 'புதுவைப்பு' என்றோர் ஆண்டுக் கணக்கும் இங்கு வழங்கியது.

மழைக்கு முன் பொருளைச் சேர்த்து வைத்தற்குக் காரணம் அச்சம் மட்டுமன்று. மழை வந்தால் கடல் மூடிவிடும். கொச்சி முகத்துவாரத்தின் குறுக்கே கிடந்த மணற்றிட்டால் பெரிய கப்பல்கள் உள்ளே வர இயலவில்லை. அவை புறக்கடலில் நங்கூரமிட்டு நிற்க, தோணிகளே சரக்கை ஏற்றி இறக்கின. பருவக்காற்று எழுந்துவிட்டால் தோணி எங்ஙனம் செல்லும்? ஞாறக்கல் போன்ற இடங்களில் மழைக்காலத்தில் சேறு திரண்டு அலையை அடக்கும் 'சாகரை' தோன்றும்போது, அங்கே சில கப்பல்கள் அமைதியாக நிற்பதுண்டு. மற்றபடி மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் வாணிகம் மந்தமடையும். சுமை தூக்குவோர் தோள் ஓய்ந்திருக்கும்.

இந்நிலையை மாற்றியவர் இராபர்ட் பிரிஸ்டோ என்னும் ஆங்கிலப் பொறியாளர். 1920இல் கொச்சி வந்த அவர் மணற்றிட்டைப் பிளந்து கால்வாய் வெட்டினார். அகழ்ந்தெடுத்த மண்ணைக் கொண்டு வில்லிங்டன் தீவை உருவாக்கினார். 1928 மே 26ஆம் நாள் 'பத்மா' என்னும் நீராவிக் கப்பல் உட்துறைமுகத்திற்குள் நுழைந்தது. நாளைக் கவனித்தல் வேண்டும்: இடவப்பாதிக்குச் சில நாள்களே முன்பு! அதுமுதல் மழைக்காலத்திலும் கப்பல் வந்து நிற்கும் ஊராயிற்று கொச்சி. ஆனால் துறைமுகம் மாறிய விரைவில் அடுக்களை மாறவில்லை. அதன் பிறகும் நெடுங்காலம் பெண்டிர் பழைய கணக்கின்படியே பானைகளை நிரப்பி வந்தனர்.

முதல் வேலை கூரை. ஓலை வீடாயின் ஆண்டுதோறும் வேய்தல் வேண்டும். தென்னோலையைக் காயலில் ஊறவைத்து முடைந்தால் நீண்ட நாள் உழைக்கும் என்பது இவ்வூரார் கண்ட வழி. நம்மவர் ஊரிலிருந்து கொண்டுவந்த பனையோலைப் பழக்கம் இங்கே செல்லுபடியாகவில்லை. ஓட்டு வீடாயின், உடைந்த ஓட்டை மாற்றி, சருகும் பாசியும் நீக்கி, தண்ணீர்த் தாரையைத் திருத்த வேண்டும். 1865இல் மங்களூரில் பாசல் மிஷனார் ஓட்டுத் தொழிற்சாலை நிறுவிய பின்னரே தட்டை ஓடு இக்கரையெங்கும் பரவியது. அஃது ஒன்றோடொன்று பூட்டிக்கொள்வதால் காற்றுக்கு எளிதில் பெயராது. எனினும் ஒரே ஓர் ஓடு விலகினால் போதும், அதன் கீழ்தான் வீட்டிலுள்ள ஒரே கட்டில் இருக்கும்!

இரண்டாவது, அடுக்களை. இதைச் சற்று விரித்தே கூற வேண்டும். ஏனெனில் இங்கேதான் தமிழ்ப் பெண்டிரின் திறம் விளங்கியது. பங்குனி, சித்திரை வெயிலைச் சேமித்து வைக்கும் கலையை அவர்கள் தம் ஊரிலேயே கற்றிருந்தனர். வடாம், கருவடாம், மோர்மிளகாய், சுண்டைக்காய் வற்றல், கொத்தவரை வற்றல், மாவடு ஆகிய இவையெல்லாம் உண்மையில் காயவைத்த வெயிலும் கரைத்த உப்புமே அல்லவா? தமிழகத்தில் இவை சுவைக்காகச் செய்யப்பட்டன. மட்டாஞ்சேரியிலோ காய்கறிப் படகு வாராத நாளில் இவையே கறியாயின. அண்டை வீட்டு மலையாளப் பெண்டிர் தம் வழியில் உப்பு மாங்காயைச் சாடியில் நிறைத்தனர். பலாக்கொட்டையை மண்ணில் பொதிந்து வைத்தனர். குடம்புளியைப் புகையில் உலர்த்தினர். மீனவர் வீடுகளில் கருவாடு கூடை கூடையாக நிறைந்தது. சில ஆண்டுகளில் நம் வீட்டுப் பரணில் பலாக்கொட்டையும் அவர் வீட்டு டப்பாவில் மோர்மிளகாயும் குடிபுகுந்தன. சங்கங்களும் மாநாடுகளும் செய்த ஒருமைப்பாட்டைவிட இது சற்று முந்தியது என்பது என் எண்ணம்.

விறகு தனிக் கவலை. ஊரில் வறட்டி தட்டிப் பழகியவர்க்கு இங்கே அது காயவே காயாது என்பது முதல் ஆண்டிலேயே தெரிந்துவிடும். ஆகவே தென்னை மட்டை, பாளை, கொட்டாங்கச்சி, பிளந்த விறகு அனைத்தையும் மேட மாதத்திலேயே வாங்கி அடுப்பின் மேற்புறப் பரணில் அடுக்குவர். அடுப்புப் புகையே அவற்றை உலர வைக்கும். தீப்பெட்டியை அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பர். உப்பு நீர்த்துப் போகாதிருக்க மரப்பாத்திரத்தில் வைத்து மூடுவர். குழந்தையின் துணியைக் கவிழ்த்த கூடைமேல் விரித்துச் சாம்பிராணிப் புகை காட்டுவர். இச்சிறு செய்திகளை எழுதியவர் எவருமில்லை. கையிலிருந்து கைக்கு வந்தவை.

தண்ணீர் பற்றியும் கூறவேண்டும். நாற்புறமும் நீர் சூழ்ந்த இவ்வூரில் குடிநீர் அரிது. கிணறுகள் உவர்த்தவை. குழாய்நீர் வருமுன் ஆலுவாவிலிருந்து பெரியாற்று நீர் வள்ளங்களில் வந்து விற்கப்பட்டது. இடவப்பாதி பிறந்ததும் இறவாரத்தின் கீழ் அண்டாவும் குடமும் வரிசையாக நிற்கும், மழைநீரே அமுதம். அதனையும் காய்ச்சாமல் அருந்தாத வழக்கம், சீரகமோ சுக்கோ இட்டுக் கொதிக்க வைக்கும் வழக்கம், நாம் மலையாளிகளிடம் கற்றது. வீட்டு மருத்துவத்தில் இதனினும் சிறந்த படிப்பினை வேறில்லை.

இவ்வளவும் படித்து, 'ஆகா, எத்துணை முன்னறிவு!' என்று மகிழ்வோர் ஒன்று சிந்தித்தல் வேண்டும். மூன்று திங்களுக்கு வேண்டியதை ஒரே திங்களில் வாங்க யாரால் முடிந்தது? பண்டகசாலைக் கணக்கருக்கு முடிந்தது. மாதச் சம்பளக்காரருக்கு ஒருவாறு முடிந்தது. நாட்கூலிக்கு முடியுமா? மழை வந்தால் கூலி நிற்கும். கூலி நிற்குமுன் சேமிக்க வேண்டும். சேமிக்கக் கூலி மிஞ்சவேண்டும். போதாக்குறைக்குக் கேரளத்தில் பள்ளிகள் திறப்பதும் ஜூன் தொடக்கத்தில்தான். புத்தகம், சீருடை, குடை என்று பிள்ளைகள் கைநீட்டும் அதே வாரத்தில் கூரையும் கைநீட்டும். கடையில் பற்றெழுதியும் குறிச்சீட்டை ஏலத்தில் தள்ளி எடுத்தும் சமாளித்த குடும்பங்கள் நம்முள் பல. ஆவணியில் கடனடைத்து முடிப்பதற்குள் துலாவருடம் என்னும் ஐப்பசி மழை வந்து நிற்கும்.

இதற்குச் சான்றாக வண்ணார் சமூகத்தாரைக் கூறலாம். படைவீரர் உடை வெளுப்பதற்காக ஐரோப்பிய ஆட்சியினரால் தமிழகத்திலிருந்து வரவழைக்கப்பட்டவர்களின் வழியினர் தாம் என்பது அவர்களது மரபுச் செய்தி. 1976இல் ஃபோர்ட் கொச்சி வெளியில் பெருங்கொச்சி வளர்ச்சிக் குழுமம் அவர்களுக்குச் சலவைக் கூடம் அமைத்துத் தந்தது. முறுக்கிய இரட்டைக் கயிற்றின் இடுக்கில் துணி முனையைச் செருகி, கவ்வி ஏதுமின்றிக் காயவைக்கும் அவர்கள் கைத்திறனைக் காண அயல்நாட்டார் வருகின்றனர். வெயிலே முதலாக வைத்து நடக்கும் தொழிலுக்கு மழைக்காலம் எத்தகையது என்பதைக் கண்டு செல்வோர் மிகச் சிலரே.

கர்க்கடக மாதம் நமக்கு ஆடி. தமிழகத்தில் ஆடிப்பெருக்கு என்று சித்திரான்னம் சமைத்து ஆற்றங்கரைக்குச் செல்லும் அதே நாள்களில், இங்கே அதனைப் 'பஞ்ஞக் கர்க்கடகம்' என்று பசியின் பெயரால் வழங்கினர். தகரை முதலிய இலைகளைப் பறித்து உண்ட வழக்கமும் கர்க்கடகக் கஞ்சியும் இன்று உடல்நலத்திற்கென்று போற்றப்படுகின்றன. அவற்றின் பின்னே ஒழிந்துபோன நெற்குதிரும் உண்டு. 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் பர்மா அரிசி நின்றது. அவ்வரிசியை நம்பியிருந்த கொச்சியும் திருவிதாங்கூரும் பட்ட துன்பம் பெரிது. மரவள்ளிக் கிழங்கு அப்போது பல உயிர்களைக் காத்தது. 1960களின் நடுவில் கேரளமெங்கும் பங்கீட்டு முறை விரிவடைந்த பின்னரே, கையில் அட்டையுள்ள ஏழைக்கும் கர்க்கடகத்தில் அரிசி உறுதியாயிற்று. மழைக்கால ஆயத்தத்தின் வரலாற்றில் பிரிஸ்டோவின் கால்வாய்க்கு அடுத்தபடி வைக்கத்தக்கது இப்பங்கீட்டு அட்டை என்று நான் கருதுகிறேன்.

எந்த ஆயத்தமும் போதாத ஆண்டுகளும் உண்டு. கொல்லம் 1099ஆம் ஆண்டு கர்க்கடகம், அதாவது 1924 ஜூலை, அத்தகையது. மூன்று வாரம் விடாது மழை பெய்தது. அவ்வாண்டுப் பருவமழை 3,368 மில்லிமீட்டர் என்பது கணக்கு. பெரியாற்றின் கரைகளும் குட்டநாடும் நீரில் மூழ்கின. மலையாளிகள் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்றாலே போதும், ஆண்டைச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு முன், அதற்குப் பின் என்று வயதைக் கணக்கிட்டனர் முதியோர்.

அவ்வெள்ளம் தமிழரையும் தொட்டது. மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்தோர் பெரும்பாலும் தமிழர். அங்கே 1902இல் தொடங்கி 1908இல் சிற்றகல இருப்புப்பாதையாக்கப்பட்ட குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில், 1924இல் அடியோடு அழிந்தது. மீண்டும் அமைக்கப்படவே இல்லை. பூயங்குட்டி, மாங்குளம் வழியாகச் சென்ற பழைய ஆலுவா-மூணாறு சாலையும் ஒழிந்தது. இப்போது நாம் செல்லும் அடிமாலி வழிச் சாலை 1931இல் மகாராணி சேது இலட்சுமி பாயி காலத்தில் திறக்கப்பட்டது. அதே 1924 ஜூலையில் காவிரியும் கரை கடந்து பாய்ந்தது. மறு ஆண்டில் தொடங்கி 1934இல் முடிந்த மேட்டூர் அணையை எழுப்பியோர் அவ்வெள்ளத்தின் அளவை மனத்திற்கொண்டனர். வைக்கத்திலோ அறப்போர் நடந்துகொண்டிருந்தது. ஈரோட்டு ஈ.வெ. இராமசாமி அவர்கள் பங்குகொண்ட அப்போரில், தொண்டர்கள் இடுப்பளவு வெள்ளத்திலும் தடுப்பு வேலியின் முன் நின்றனர். காந்தியடிகள் தம் இதழ்கள் வாயிலாக வெள்ள நிவாரணத்திற்கு நிதி வேண்ட, ஏறத்தாழ ஏழாயிரம் ரூபாய் சேர்ந்தது.

கடல் கடந்த நம் இனத்தார்க்கு வேறு வகைச் சோதனை. கனடாவில் 1998 சனவரியில், விழுந்த இடத்திலேயே உறைந்து பனிக்கட்டியாகும் மழை பல நாள் பெய்தது. மொன்றியால் சுற்றுப்புறத்தில் மின்கோபுரங்கள் பனியின் பாரத்தால் மடிந்து விழுந்தன. பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட வீடுகள் இருளில் மூழ்கின; சிலவற்றுக்கு மின்சாரம் திரும்ப ஒரு மாதமாயிற்று. ஈழத்திலிருந்து சென்று அங்கே வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களும் அதனைக் கண்டன. அந்நாட்டில் பனிக்காலத்திற்கு முன் உலர் உணவு, குடிநீர், கம்பளி, மெழுகுவத்தி, மின்கல விளக்கு ஆகியவற்றைச் சேர்த்து வைப்பர். குழாய் உறைந்து வெடிக்காதிருக்க நீரைச் சொட்டவிடுவர். கதவடைத்த அறையில் கரியடுப்பு மூட்டக்கூடாது என்று மீண்டும் மீண்டும் எச்சரிப்பர்; மணமோ நிறமோ இல்லாத நச்சுப்புகை உறங்குவோரைக் கொன்றுவிடும். இவ்வெச்சரிக்கை மழை நாளில் சன்னலைச் சாத்திக்கொண்டு கரியடுப்பிலோ மின்னாக்கியிலோ வேலை செய்யும் நமக்கும் பொருந்தும்.

2018இல் மழை மீண்டும் கணக்குக் கேட்டது. ஜூன் முதல் நாளிலிருந்து ஆகஸ்டு 19 வரை கேரளத்தில் 2,346 மில்லிமீட்டர் பெய்தது. வழக்கத்தினும் 42 விழுக்காடு மிகுதி. ஆலுவா, பறவூர், சேந்தமங்கலம் மூழ்கின. நெடும்பாசேரி வானூர்தி நிலையம் ஆகஸ்டு 15 முதல் 29 வரை மூடப்பட்டது. மட்டாஞ்சேரி பெரும்பாலும் தப்பியது. கடற்கரை மீனவர் தம் படகுகளை லாரியில் ஏற்றிச் சென்று பல்லாயிரவரை மீட்டனர். வெள்ளம் வடிந்தபின் எலிக்காய்ச்சல் பரவியது. கிணறுகளில் சலவைத் தூள் இட்டனர். நம் ஊருக்குத் தெற்கே செல்லானத்தில் 2017 ஒக்கியிலும் 2021 தௌக்தேயிலும் கடலே வீட்டுக்குள் புகுந்தது. அதன்பின் ஏழு கிலோமீட்டருக்கு மேல் நான்முனைக் கான்கிரீட் கற்களால் அங்கே கடற்சுவர் எழுந்தது. கடல்நீர் புகும் வீட்டில் பரணில் வைத்த விறகும் வடாமும் உதவா. எழுந்து செல்ல ஓரிடமும் அழைத்துச் செல்ல ஓர் ஆளும் வேண்டும்.

2018 வெள்ளத்தில் பலர் இழந்த பொருள்களுள் தாள்களும் உண்டு: பங்கீட்டு அட்டை, நிலப்பத்திரம், பள்ளிச் சான்று. அவற்றை மீட்டுத் தர அரசு சிறப்பு முகாம்கள் நடத்தியது. உள்ளூரார் கிராம அலுவலகத்தில் பெயரைச் சொல்லி மறுபடி பெறலாம். நம்மில் பலரின் பிறப்புச் சான்றும் சாதிச் சான்றும் தென்காசியிலோ திண்டுக்கல்லிலோ எழுதப்பட்டவை. ஒன்று போனால் இரண்டு மாநிலத்து அலுவலகங்களை ஏறி இறங்க வேண்டும். ஆகவே இடவப்பாதிக்கு முன் ஓட்டைப் பார்க்கும் நாளிலேயே இவற்றையும் பாலித்தீன் உறையிலிட்டு உயரத்தில் வைத்து, படியொன்றை ஊரிலுள்ள உறவினரிடம் கொடுத்துவைக்கும் குடும்பங்கள் இப்போது நம் குடியிருப்பில் பெருகி வருகின்றன.