அலைக்குக் கட்டுப்பட்ட கார்

1895-இல் கல்கத்தா நகர மண்டபத்தில் ஜகதீச சந்திர போஸ் மின்காந்த அலைகளைச் சுவருக்கு அப்பால் செலுத்தி மணியை ஒலிக்கச் செய்தார், வெடிமருந்தைப் பற்றவைத்தார். 1898-இல் நியூயார்க்கில் டெஸ்லா ஒரு சிறு படகையே இவ்வாறு இயக்கிக் காட்டினார். அதில் அலையை உணர்ந்தது குழாயிலிட்ட உலோகத்தூள். அலை பட்டதும் தூள் ஒட்டிக்கொண்டு மின்சாரத்தைக் கடத்தும். அடுத்த கட்டளைக்கு முன் குழாயைப் புரட்டித் தூளைக் கலைத்தாக வேண்டும்!

டிரான்சிஸ்டர் வந்த பின்னரே இது பொம்மைக் கார்களில் பரவிற்று. ஜப்பானின் தமியா நிறுவனம் 1976-இல் போர்ஷே 934 காரை வெளியிட்டது.

அக்காலக் கார் ஒன்று செங்கத்து வீட்டுப் பரணில் அகப்பட்டால்? பாட்டரி கசிந்து தகடுகள் அரித்திருக்கும். அல்கலைன் பாட்டரியின் கசிவு காரம். வினிகர் தோய்த்த பஞ்சால் துடைக்கலாம். உலர்ந்துபோன மின்தேக்கிகளையும், மோட்டாரில் தேய்ந்த கரித்தூரிகைகளையும் மாற்றலாம். இதுவரை தகராறில்லை. பழைய 27 மெகாஹெர்ட்ஸ் ஏற்பியை எறிந்துவிட்டு 2.4 கிகாஹெர்ட்ஸ் சுற்றைப் பொருத்தலாமா என்பதில்தான் தகராறு. கார் நன்றாக ஓடும், உண்மையே. ஆனால் அலையைத் தேர்ந்தெடுத்த சுருளும் படிகமும் போய்விட்டால் எஞ்சுவது வெறும் கூடு. போஸின் கருவிகளைக் கொல்கத்தாவில் இன்றும் காண முடிவது, அவற்றை எவரும் ‘புதுப்பிக்காததால்’ அல்லவா? கழற்றியே தீரவேண்டுமாயின், எந்தக் கம்பி எங்கிருந்தது என்று எழுதி, ஏற்பியோடு பெட்டியில் வையுங்கள்.