ஜப்பானியப் பல்கலைக்கழகங்களில் பரிமாற்ற ஆண்டு

அயல்நாட்டில் இளங்கலை படிக்கும் மாணவர், படிப்பின் நடுவே ஓராண்டை ஜப்பானியப் பல்கலைக்கழகம் ஒன்றில் கழித்து, அங்கே பெற்ற கிரெடிட்டுகளுடன் திரும்பித் தம் சொந்தப் பல்கலைக்கழகத்திலேயே பட்டம் பெறும் ஏற்பாடு பரிமாற்ற ஆண்டு எனப்படும். ஜப்பானில் இதை 'கோகான் ரியூகாகு' என்பார்கள். இரண்டு பல்கலைக்கழகங்கள் செய்துகொள்ளும் ஒப்பந்தமே இதற்கு அடிப்படை. மாணவர் கல்விக் கட்டணத்தைத் தம் பல்கலைக்கழகத்துக்கே கட்டுவார். ஜப்பானில் தனியாகக் கட்ட வேண்டியதில்லை. ஜப்பானியத் தேசியப் பல்கலைக்கழகங்களின் வழக்கமான ஆண்டுக் கட்டணம் 5,35,800 யென் என்பதை நினைத்தால் இந்தச் சலுகையின் அளவு புரியும். பெரும்பாலானோர் தம் படிப்பின் மூன்றாம் ஆண்டில் போகிறார்கள்.

வரலாறு

இந்த வழக்கத்தைத் தொடங்கி வைத்தவை பெரும்பாலும் தனியார் பல்கலைக்கழகங்கள். தோக்கியோவின் சோஃபியா 1949-இல் சர்வதேசப் பிரிவைத் தொடங்கியது. வசேதாவின் சர்வதேசப் பிரிவு 1963-இல் வந்தது. ஒசாகாவுக்கும் கியோத்தோவுக்கும் இடையே ஹிராகாதா நகரில் உள்ள கான்சாய் காய்தாய் 1972-இலும், நகோயாவின் நான்சான் 1974-இலும் அயல்நாட்டு மாணவருக்கென்றே திட்டங்கள் தொடங்கின. தேசியப் பல்கலைக்கழகங்கள் 1990-களின் நடுப்பகுதியில்தான் இதில் பெரிய அளவில் இறங்கின. தோக்கியோ பல்கலைக்கழகத்தின் கொமாபா வளாகத்தில் 1995-இல் வந்த 'ஐகாம்' திட்டமும், நகோயா பல்கலைக்கழகம் 1996-இல் தொடங்கிய 'நுபேஸ்' திட்டமும் அக்காலத்தவை. ஜப்பானிய மொழி தெரியாதவரும் ஆங்கிலத்தில் படிக்கலாம் என்ற வாய்ப்பைப் பரவலாக்கியவை இத்தகைய திட்டங்களே.

அரசும் எண்ணிக்கையில் குறியாக இருந்தது. 1983-இல் பிரதமர் நாகசோனே அறிவித்த 'ஒரு லட்சம் அயல்நாட்டு மாணவர்' இலக்கு 2003-இல் நிறைவேறியது. 2008-இல் வைத்த மூன்று லட்சம் என்ற இலக்கு 2019-இல் எட்டப்பட்டது. அடுத்த ஆண்டே கொரோனா வந்தது. 2020 மார்ச் முதல் 2022 மார்ச் வரை, இடையில் வந்த சில மாதத் தளர்வு தவிர, புதிய மாணவர்களுக்கு ஜப்பானின் கதவு பெரும்பாலும் மூடியே இருந்தது. பட்டப் படிப்புக்கு வர இருந்தவர்களால் காத்திருக்க முடிந்தது. பரிமாற்ற மாணவருக்கு அந்த வழியும் இல்லை. சொந்தப் பல்கலைக்கழகத்தில் படிப்பு முடிந்துவிட்டால் பரிமாற்றத் தகுதியும் போய்விடும். பலர் தங்கள் ஊரில் நள்ளிரவில் கணினித் திரைமுன் உட்கார்ந்து ஜப்பானிய வகுப்புகளைக் கேட்டார்கள். சிலருக்குக் கிடைத்த பரிமாற்றக் கல்வி அது மட்டும்தான். அந்தத் தலைமுறை இழந்ததற்கு ஈடு ஏதும் தரப்படவில்லை.

ஏப்ரலா, செப்டம்பரா?

ஜப்பானியக் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. முதல் பருவம் ஏப்ரல் முதல் ஜூலை இறுதி அல்லது ஆகஸ்ட் தொடக்கம் வரை; இரண்டாம் பருவம் செப்டம்பர் இறுதி அல்லது அக்டோபர் முதல் பிப்ரவரி தொடக்கம் வரை. அமெரிக்க, ஐரோப்பிய மாணவர்களுக்கோ செப்டம்பரில்தான் ஆண்டு தொடங்குகிறது. எனவே அவர்களில் பெரும்பாலோர் இலையுதிர்காலத்தில் வந்து மறு ஆண்டு ஆகஸ்டில் கிளம்புகிறார்கள். அதாவது ஜப்பானிய மாணவரின் ஆண்டு பாதி கடந்த பிறகு உள்ளே வந்து, அடுத்த ஆண்டின் பாதியில் வெளியேறுகிறார்கள்.

இதன் விளைவு விண்ணப்பப் படிவங்களில் தெரியாது, வளாகத்தில்தான் தெரியும். ஜப்பானில் மாணவர் நட்பு பெரும்பாலும் 'சாகுரு' எனப்படும் மாணவர் குழுக்களில்தான் முளைக்கிறது. டென்னிஸ், மலையேற்றம், தேநீர்ச் சடங்கு, நாடகம் என ஒவ்வொன்றுக்கும் குழு உண்டு. இவை புதியவர்களைச் சேர்ப்பது ஏப்ரலில். வளாகப் பாதைகளின் இருபுறமும் மேசை போட்டு, துண்டறிக்கைகளை நீட்டி அழைப்பார்கள். அக்டோபரில் வருபவர் போய் நிற்கும்போது அந்த ஆண்டின் அணி ஏற்கனவே ஒன்றுகலந்திருக்கும்; 'சென்பாய்' என்னும் மூத்தோர், 'கோஹாய்' என்னும் இளையோர் என்ற வரிசையும் படிந்திருக்கும். பரிமாற்ற மாணவரை எந்தப் படியில் வைப்பது என்பது அவர்களுக்கே குழப்பம். ஆனாலும் நவம்பரையொட்டிப் பல வளாகங்களில் நடக்கும் மாணவர் விழாவுக்கு ஆள் தேவைப்படும். கடை போட்டு 'யாகிசோபா' என்னும் வறுத்த நூடுல்ஸ் செய்யும் வேலையில் கை கொடுத்தவர், அதன் பிறகு அந்நியராக இருப்பதில்லை. இரண்டு வருகைக் காலங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் உள்ளவர் ஏப்ரலைத் தேர்வதே நல்லது.

இந்த முரண்பாட்டை ஜப்பானியரும் அறிவார்கள். ஆண்டுத் தொடக்கத்தையே இலையுதிர்காலத்துக்கு மாற்றும் யோசனையை தோக்கியோ பல்கலைக்கழகம் 2012-இல் முன்வைத்தது. பள்ளிகள், அரசுத் தேர்வுகள், நிறுவனங்களின் ஆள்சேர்ப்பு என எல்லாம் ஏப்ரலைச் சுற்றியே அமைந்திருப்பதால் அது நடக்கவில்லை. 2015-இல் நான்கு பருவ முறையோடு அந்த முயற்சி நின்றது. 2020-இலும் பேச்சு எழுந்து அடங்கியது.

பாடங்கள்

வகுப்பின் அலகு 'கோமா'. நெடுங்காலம் அது 90 நிமிடம், வாரம் ஒருமுறை, 15 வாரம்; மெய்ஜி, வசேதா போன்றவை இப்போது 100 நிமிடம், 14 வாரம் என்று மாற்றிக்கொண்டுள்ளன. இப்படி ஒரு பாடம் முடித்தால் பெரும்பாலும் 2 கிரெடிட். பட்டத்துக்கு ஜப்பானிய மாணவருக்கு 124 கிரெடிட் வேண்டும். பருவத்துக்கு நான்கே பாடத்தை ஆழமாகப் படித்துப் பழகியவருக்கு, வாரத்துக்கு ஒருமுறை மட்டும் சந்திக்கும் ஏழெட்டுப் பாடங்கள் முதலில் சிதறலாகத் தோன்றும். பரிமாற்ற மாணவர் வாரம் ஏழு கோமாவாவது எடுக்க வேண்டும் என்று பல பல்கலைக்கழகங்கள் விதித்திருப்பதற்குக் காரணம் விசா: வாரம் பத்து மணி நேர வகுப்பு என்ற குடிவரவு விதி அதன் பின்னால் இருக்கிறது. வருகைப்பதிவும் கண்டிப்பானது, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வராதவர் பல இடங்களில் தேர்வு எழுத முடியாது.

ஆங்கிலவழிப் பாடங்களில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பிற பரிமாற்ற மாணவர்களே. வசதியான ஏற்பாடுதான், ஆனால் ஓராண்டு முழுவதும் அதற்குள்ளேயே கழித்தவர் ஜப்பானியப் பல்கலைக்கழகத்தைப் பார்த்ததாகச் சொல்வது கடினம். அந்தப் பல்கலைக்கழகத்தின் உயிர் 'ஸெமி'யில் இருக்கிறது. ஒரு பேராசிரியரைச் சுற்றிப் பத்துப் பதினைந்து மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்கள் கூடி, முறை வைத்துக் கட்டுரை வாசித்து, விவாதித்து, மாலையில் சேர்ந்து சாப்பிடப் போகும் சிறு வகுப்பு அது. அதில் சேரப் பேராசிரியரின் அனுமதி வேண்டும். கேட்டால் கொடுப்பவர்கள் உண்டு. ஓரளவு ஜப்பானிய மொழி தெரிந்தவர் கேட்காமல் விடக் கூடாது.

மொழிவகுப்புகள் நிலைத்தேர்வோடு தொடங்கும். தொடக்கநிலையினர் பலர் கையில் இருக்கும் பாடநூல் 'கெங்கி'. 1999-இல் வெளியான இந்நூல் கான்சாய் காய்தாயில் அயல்நாட்டு மாணவருக்குக் கற்பித்த ஆசிரியர்களின் ஆக்கம். இதன் நாயகி மேரி அமெரிக்காவிலிருந்து வந்து ஜப்பானியக் குடும்பத்தோடு தங்கிப் படிக்கும் மாணவி. முதல் பாடத்தில் அறிமுகமாகிறாள். இருபத்து மூன்றாம் பாடத்தில் விடைபெற்று ஊர் திரும்புகிறாள். இலக்கணத்தைப் பரிமாற்ற ஆண்டின் வடிவத்திலேயே அடுக்கிய நூல் அது.

தமிழ் மாணவருக்கு ஓர் அனுகூலம் உண்டு. வினை இறுதியில் வருவதும், வேற்றுமை உருபு போன்ற சொற்கள் பெயருக்குப் பின் ஒட்டுவதும் அவருக்குப் பழகியவை. சுமை காஞ்ஜி எழுத்துகளே: அன்றாடப் பயன்பாட்டுப் பட்டியலில் 2,136 இருக்கின்றன. சென்னையில் ஜப்பானிய மொழி கற்பிக்கும் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் மையத்தில் ஓரளவு படித்துவிட்டுப் போவது அந்தச் சுமையைக் கணிசமாகக் குறைக்கும்.

தங்குதலும் செலவும்

ஜப்பானியப் பல்கலைக்கழகமே மாணவருக்காகக் குடிவரவுத் துறையிடம் தகுதிச் சான்றிதழ் பெற்று அனுப்பும். அதைக் காட்டி விசா வாங்க வேண்டும். பெரிய விமான நிலையங்களில் இறங்கியதும் வசிப்பு அட்டை தருவார்கள். குடியேறிய 14 நாளுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிந்து, தேசிய மருத்துவக் காப்பீட்டில் சேர வேண்டும். அதன் பிறகு மருத்துவச் செலவில் 30 விழுக்காடு மட்டுமே மாணவர் தலையில் விழும். 20 வயது நிறைந்தவர் தேசிய ஓய்வூதியத் திட்டத்திலும் சேர வேண்டும்; கட்டணத்தைத் தள்ளிவைக்க மாணவருக்குத் தனி வழி உண்டு. பகுதிநேர வேலைக்கு அனுமதி பெற்றால் வாரம் 28 மணி நேரம் வரை உழைக்கலாம்.

உதவித்தொகைகளில் பரவலானது 'ஜாசோ' எனப்படும் ஜப்பான் மாணவர் சேவை அமைப்பு வழங்கும் மாதம் 80,000 யென். ஜப்பானிய மொழியையும் பண்பாட்டையும் முதன்மைப் பாடமாகப் படிப்போருக்கு அரசின் 'நிக்கென்செய்' உதவித்தொகை மாதம் 1,17,000 யென் தருகிறது. தோக்கியோவில் முதல் தொகை விடுதி வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே சரியாகிவிடும். ஃபுகுவோக்காவிலோ செந்தாயிலோ அதே பணம் சற்று நீளும். தனி வீடு எடுப்பது வீண்: முன்பணம், வீட்டுக்காரருக்குத் திரும்பி வராத அன்பளிப்பு, உத்தரவாதம் என்று ஓராண்டுத் தங்கலுக்குத் தாங்காத செலவு. மாணவர் கூட்டுறவுச் சங்கம் நடத்தும் உணவகத்தில் மலிவாகச் சாப்பிடலாம். சைவர்களுக்கு அங்கும் சிரமம்தான். காய்கறிக் குழம்பிலும் மீன்சாறு இருக்கும். விடுதியில் சமையலறை உண்டா என்பதை அவர்கள் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

திரும்புதல்

கிளம்பும் முன் நகராட்சியில் வெளியேற்ற அறிவிப்பு, காப்பீட்டு நீக்கம், வங்கிக் கணக்கு மூடல், விமான நிலையத்தில் வசிப்பு அட்டை ஒப்படைப்பு ஆகியவை பாக்கி. மதிப்பெண் பட்டியல் சில வாரம் கழித்து அனுப்பப்படும். எந்தப் பாடத்தை எவ்வளவு கிரெடிட்டாக ஏற்பது என்பதைச் சொந்தப் பல்கலைக்கழகமே முடிவு செய்யும். பாடத்திட்டங்களைப் பத்திரப்படுத்தாதவர் இங்கேதான் இழப்பார். பட்டம் பெற்றபின் பலர் மீண்டும் ஜப்பானுக்குப் போகிறார்கள்: அரசு உதவித்தொகையில் முதுகலைக்கு, அல்லது 1987 முதல் நடந்துவரும் 'ஜெட்' திட்டத்தில் பள்ளி மொழி உதவியாசிரியராக.