பாக் ஜலசந்தி எல்லை உடன்படிக்கைகள்

பாக் ஜலசந்தி எல்லை உடன்படிக்கைகள் என்பன, இராமநாதபுரம் கடற்கரைக்கும் இலங்கைத் தீவின் வடமேற்குக் கரைக்கும் இடையேயுள்ள ஆழமற்ற கடலில் இரு கரையாரின் தொழிலுரிமையும் இரு அரசுகளின் அதிகாரமும் எதுவரை செல்லும் என்பதை வரையறுக்க, 1921 முதல் 1976 வரை செய்துகொள்ளப்பட்ட ஏற்பாடுகளாம். முதலாவது, கொழும்பு நகரில் சென்னை அரசாங்கத்தின் உத்தியோகஸ்தர்களும் இலங்கை அரசாங்கத்தின் உத்தியோகஸ்தர்களும் கூடி வகுத்த மீன்பிடி எல்லை; மற்றவை சுதந்திரம் பெற்ற இரு நாடுகளும் 1974-லும் 1976-லும் செய்துகொண்டவை. இவற்றுள் பிந்தியவற்றைப் பற்றியே பேச்சு மிகுதியாக நடக்கிறதெனினும், வழக்கின் வேர் முதலாவதில்தான் இருக்கிறது.

1763 முதல் 1767 வரை சென்னையின் கவர்னராக இருந்த ராபர்ட் பாக் என்பவரின் பெயரை இந்த ஜலசந்தி தாங்கி நிற்கிறது. இராமேசுவரத்தார்க்கோ அது வடகடல். மன்னார் வளைகுடா தென்கடல். அலை தணிந்த வடகடலைப் பெண்கடல் என்றும், சீற்றமுடைய தென்கடலை ஆண்கடல் என்றும் சொல்வது அவர்கள் வழக்கம். அவ்வடகடலின் அடித்தரை சங்கு விளையும் தரை. இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளின் சமஸ்தானம் 1803-இல் கிழக்கிந்தியக் கும்பெனியாரின் சன்னதால் ஜமீனாக மாறிய பின்னரும், தன் கரையோரத்துச் சங்குப் படுகைகளைக் குத்தகைக்கு விட்டுப் பொருள் ஈட்டி வந்தது. மூழ்கி எடுத்த சங்குகளைக் கரையில் குவித்து, ஒவ்வொன்றாக அளவு பார்த்து, வளராத சிறியவற்றை மீண்டும் கடலிலேயே விட்டுவிட்டு, பெரியவற்றை வளையல் அறுப்பதற்காக வங்காளத்துக்கு அனுப்புவார்கள். வங்காளத்து மணப்பெண்ணின் கையிலேறும் வெள்ளை வளையல் பெரும்பாலும் தமிழகக் கடலின் அடியில் கிடந்த பொருளேயாகும்.

இச்சங்கு ஒரு சமயம் நியாயஸ்தலத்தின் படியேறிற்று. இராமநாதபுரத்துப் படுகைகளில் சங்கு திருடியதாகச் சிலர்மேல் தொடுக்கப்பட்ட வழக்கை 1903, 1904 ஆம் ஆண்டுகளில் விசாரித்த சென்னை உயர்நீதிமன்றம், பாக் விரிகுடாவின் சுற்றளவில் ஒன்பதில் எட்டுப் பங்கு மன்னரின் நிலங்களாலேயே சூழப்பட்டிருப்பதாலும், இரு கரை மக்களும் நூற்றாண்டுக் கணக்காக அதனை அனுபவித்து வருவதாலும், அது எவ்வகையிலும் திறந்த பெருங்கடல் ஆகாது என்று கருதியது. கடலடியில் கிடக்கும் சங்குக்கு உடையவன் உண்டு என்று சட்டம் ஒப்புக்கொண்டவுடன், அவ்வுடைமை எந்த இடத்தில் முடிகிறது என்ற வினா தானே எழுந்தது.

அவ்வினாவுக்கு விடை காணக் கூடிய மாநாடு நடந்த காலம் கவனிக்கத்தக்கது. ஐரோப்பிய மகாயுத்தம் முடிந்து, 1919-இல் வெர்சேல்ஸ் உடன்படிக்கை கையெழுத்தாகி, அதில் இந்தியாவின் பெயரால் இந்தியா மந்திரி மாண்டேகுவும் பிகானீர் மகாராஜாவும் ஒப்பமிட்டு, சர்வதேச சங்கமும் அமைந்துவிட்டிருந்த காலம் அது. எல்லைகளைச் செம்மையாக வரைந்து காகிதத்தில் ஒப்பமிட்டுவிட்டால் இனி யுத்தம் வாராது என்று ராஜதந்திரிகள் பலர் மனமார நம்பினர். 1921 அக்டோபர் 20 ஆம் நாள் ஜினீவாவில் ஆலந்துத் தீவுகள் பற்றிய உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அடுத்த மாதம் 12 ஆம் நாள் வாஷிங்டனில் கடற்படைக் குறைப்பு மாநாடு தொடங்கிற்று; அதில் இந்தியாவின் பிரதிநிதியாக அமர்ந்தவர் மகாகனம் சீனிவாச சாஸ்திரியார். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நாட்களிலேதான் கொழும்பிலும் மேசைமேல் கடற்படம் விரிந்தது.

சென்னையின் சார்பில் காட்டனும் இலங்கையின் சார்பில் ஹார்ஸ்பர்கும் தலைமை வகித்தனர். அளவு மீறி மீனும் சங்கும் எடுக்கப்பட்டு வளம் குன்றிவிடாமல் காப்பதே பேச்சின் நோக்கம்; நாட்டெல்லை வகுப்பதன்று. இரு கரைக்கும் சமதூரத்தில் கோடு கிழிக்கலாம் என்று சென்னைத் தரப்பு தொடங்கியது. இடையே கிடக்கும் கச்சத்தீவு தங்களுடையதாதலால் அது கோட்டுக்குத் தங்கள் பக்கம் விழவேண்டும் என்று இலங்கைத் தரப்பு வற்புறுத்தியது. அத்தீவு இராமநாதபுரம் ஜமீனைச் சேர்ந்தது என்று சென்னையார் மறுத்தனர். முடிவில், தீவுக்கு மேற்கே மூன்று மைல் தள்ளி மீன்பிடி எல்லை செல்லும் என்றும், ஆனால் அதனால் தீவின்மேல் உள்ள உரிமைக் கோரிக்கைக்குப் பங்கம் இல்லை என்றும் ஏற்பாடாயிற்று. தீவு யாருடையது என்று சொல்லமாட்டோம், ஆயினும் அடுத்தவருடையதாக இருந்தால் எவ்வளவு கடல் விடுவோமோ அவ்வளவையும் விட்டுவிடுகிறோம் என்பது இதன் பொருள். வழக்கை ஒத்திவைத்து அனுபவத்தை மட்டும் கைமாற்றிய விசித்திரமான தீர்வு இது. லண்டனிலிருந்த இந்தியா மந்திரியின் சம்மதத்துக்கு உட்பட்டே இவ்வேற்பாடு செய்யப்பட்டது, அச்சம்மதம் வரவில்லை. இரு தரப்பினரும் ஒரே மன்னரின் ஊழியர்களாக இருந்தபடியால், அதனை அப்போது யாரும் பெரிதாக எண்ணவுமில்லை.

கச்சத்தீவு 285 ஏக்கர் பரப்புள்ளது. இராமேசுவரத்துக்கு வடகிழக்கே, படகில் இரண்டு மூன்று மணி நேரத் தொலைவில் உள்ளது. குடிநீர் இல்லாததால் குடியிருப்பு இல்லை. இக்கரை மீனவர்கள் வலை உலர்த்தவும், காற்று மாறும்வரை ஒதுங்கியிருக்கவும் அதனைப் பயன்படுத்தி வந்தனர். தொண்டிக்கு அருகிலுள்ள நம்புதாளையைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாட்சி என்பவர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே அந்தோணியார் கோவில் ஒன்றைக் கட்டினார். ஆண்டுக்கு ஒருமுறை மாசி, பங்குனியை ஒட்டி நடைபெறும் திருவிழாவுக்கு இராமேசுவரத்தாரும் இலங்கைப் பக்கத்து நெடுந்தீவாரும் தத்தம் படகுகளில் வந்து கூடுவர். கொடியேற்றமும் சிலுவைப்பாதையும் தேர்ப்பவனியும் முடிந்து, பண்டம் மாற்றி, பெண் கொடுக்கல் வாங்கல் பேசி, மறுநாள் பிரிவர். உறவுக்கு இடையே எல்லைக்கோடு ஓடுகிறது என்பதை அறியாமலே இரண்டு தலைமுறை அங்கே கூடிக் கலைந்தது.

இங்கே ஆலந்தை ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். ஸ்வீடனுக்கும் பின்லாந்துக்கும் இடையிலுள்ள அத்தீவுகளில் வாழ்வோர் ஸ்வீடிஷ் மொழியினர். அவர்கள் ஸ்வீடனுடன் சேரவே விரும்பினர். சர்வதேச சங்கத்தின் ஆலோசனை சபை 1921 ஜூனில் தீவுகள் பின்லாந்துக்கே உரியவை என்று தீர்ப்புக் கூறியபோது, அத்துடன் நின்றுவிடவில்லை: தீவாரின் மொழி, பள்ளி, நிலம் ஆகியவற்றுக்குப் பின்லாந்து பொறுப்பேற்க வேண்டும் என்றும், அதனைச் சங்கமே மேற்பார்வையிடும் என்றும் வகுத்தது. அக்டோபரில் பத்து நாடுகள் கையெழுத்திட்டு, அங்கே கோட்டையோ படையோ இருத்தல் கூடாது என்று உறுதி செய்தன. அப்பத்தினுள் பிரிட்டனும் ஒன்று. ஆலந்துக்கு இத்தனை பாதுகாப்பு தேடித்தந்த அதே சாம்ராஜ்யத்தின் உத்தியோகஸ்தர்கள்தாம், அதே மாதத்தில், கச்சத்தீவின் பொருட்டு ஒரு வாக்கியத்தை மட்டும் எழுதிவிட்டு எழுந்தனர். ஐரோப்பாவிலும் எல்லா உடன்படிக்கையும் ஆலந்தைப் போல அமைந்துவிடவில்லை. 1925-இல் லொகார்னோவில் ஜெர்மனியின் மேற்கெல்லைக்குப் பிரிட்டனும் இத்தாலியும் பிணை நின்றன. போலந்தை ஒட்டிய கீழெல்லைக்கு அவை பிணை நிற்கவில்லை. 1939-இல் யுத்தம் அந்தக் கீழெல்லையில்தான் மூண்டது.

1948-இல் இலங்கை சுதந்திரம் பெற்றது. ஏறக்குறைய அதே சமயம் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தால் இராமநாதபுரம் ஜமீனும் அரசுடைமையாயிற்று. மறு ஆண்டு கச்சத்தீவில் பயிற்சி நடத்த இந்தியக் கடற்படை முற்பட்டபோது இலங்கை ஆட்சேபித்தது. கால் நூற்றாண்டு கடிதப் போக்குவரத்துக்குப் பின், 1974 ஜூன் 26-லும் 28-லும் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் ஒப்பமிட்ட உடன்படிக்கை, பாக் ஜலசந்தி எல்லையைத் தீவின் மேற்குக் கரைக்கு ஒரு மைல் அப்பால் வரைந்தது. 1921-இன் மூன்று மைல் ஒரு மைலாகச் சுருங்கியதை இந்தியாவின் லாபமாகச் சொன்னவர்களும் உண்டு. ஒத்திவைக்கப்பட்டிருந்த தீவே கையைவிட்டுப் போயிற்று என்று தமிழ்நாடு சட்டமன்றம் அவ்வாண்டு ஆகஸ்டில் ஆட்சேபத் தீர்மானம் நிறைவேற்றியது. முதலமைச்சர் மு. கருணாநிதி அதற்கு முன்னரே தம் எதிர்ப்பைத் தெரிவித்திருந்தார்.

அவ்வுடன்படிக்கையின் 5 ஆம் ஷரத்து, இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே கச்சத்தீவுக்குச் சென்றுவரலாம், பிரயாணப் பத்திரமோ விசாவோ வேண்டியதில்லை என்கிறது. 6 ஆம் ஷரத்து, இரு நாட்டுக் கலங்களும் பரம்பரையாகத் தாம் அனுபவித்த உரிமைகளை ஒருவர் கடலில் ஒருவர் தொடர்ந்து அனுபவிக்கலாம் என்கிறது. மீன்பிடி உரிமையும் யாத்திரை உரிமையும் பாதுகாக்கப்பட்டுள்ளன என்று வெளிநாட்டு மந்திரி ஸ்வரண் சிங் ஜூலை 23-இல் மக்களவையில் கூறினார். ஆனால் மீன்பிடித்தல் என்ற சொல் ஷரத்து எதிலும் இல்லை. 1976 மார்ச்சில் மன்னார் வளைகுடா எல்லையை வகுத்தபோது இரு நாட்டு வெளியுறவுச் செயலாளர்களும் மாற்றிக்கொண்ட கடிதங்கள், ஒரு நாட்டுக் கலம் மறு நாட்டுக் கடலில் மீன்பிடித்தலாகாது என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டன. அப்போது நெருக்கடிநிலை, தமிழ்நாட்டு அமைச்சரவை சனவரி இறுதியிலேயே கலைக்கப்பட்டிருந்தது, கேட்பாரில்லை.

இதற்கிடையே கடலும் மாறிற்று. பாய்விரித்த வள்ளமும் வத்தையும் சென்ற இடத்தில் இறாலை நாடி விசைப்படகுகள் பெருகின. அவை இழுக்கும் மடி அடித்தரையை அரித்தெடுத்ததால் இக்கரைப் பக்கத்தில் பாடு குறைந்து, படகுகள் கோட்டைத் தாண்டின. இலங்கைக் கடற்படையின் துப்பாக்கிக்கும் சிறைக்கும் இராமேசுவரத்து மீனவர் இரையானது மறக்கத்தக்கதன்று. ஆயினும், இலங்கையின் நீண்ட உள்நாட்டுப் போர் முடிந்து கடலுக்குத் திரும்பிய யாழ்ப்பாணத்துத் தமிழ் மீனவரின் வலைகளை அறுத்தவை நம் இழுவைமடிகளே என்பதையும் கலைக்களஞ்சியம் குறித்தாக வேண்டும். 2017-இல் இலங்கை இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது. 1974 உடன்படிக்கையை எதிர்த்து ஜெ. ஜெயலலிதா 2008-இல் உச்சநீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்தார். கச்சத்தீவை மீட்கக் கோரும் தீர்மானம் ஒன்றைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025 ஏப்ரல் 2-இல் நிறைவேற்றியது.

ஆலந்து உடன்படிக்கை இன்றும் நடைமுறையில் இருக்கிறது. கொழும்பில் வகுத்த கோட்டைப் பற்றிய குறிப்புகள் பழைய கோப்புகளில் மட்டும் உள்ளன. கச்சத்தீவுத் திருவிழாவுக்கு இராமேசுவரத்திலிருந்து இப்போதும் படகுகள் புறப்படுகின்றன. விசா கேட்பதில்லை, ஆனால் ஏறுகிறவர் பெயரெல்லாம் முன்கூட்டியே பட்டியலில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.