அலுவலகக் கணினிப் பயிற்சி: வட்டவளை

முதல் வேலைக்குப் போகிற ஒருவர் கடிதம் தட்டெழுத, விரிதாளில் கணக்குப் போட, மின்னஞ்சல் அனுப்ப, கோப்புகளைத் தேடினால் கிடைக்கும்படி வைக்கக் கற்றுக்கொள்வதே அலுவலகக் கணினிப் பயிற்சி. இலங்கையின் மலையகத்தில் அதன் பெயர் ‘கொம்பியூட்டர் கிளாஸ்’. வேலை விளம்பரங்களில் அது ‘எம்.எஸ். ஆபிஸ் தெரிந்திருத்தல் வேண்டும்’ என்ற ஒற்றை வரியாக வரும். அந்த வரிக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்பதை வட்டவளையையும் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களையும் வைத்து இக்கட்டுரை பார்க்கிறது.

வட்டவளை நுவரெலியா மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், கினிகத்தேனைக்கும் ஹட்டனுக்கும் நடுவில், ஏ-7 வீதியில் உள்ள சிறு டவுன். மலைநாட்டு ரயில் பாதையில் இதற்கு ஒரு நிலையமும் உண்டு. இலங்கையில் மழை மிக அதிகமாகப் பெய்யும் இடங்களில் இதுவும் ஒன்று. ஆண்டு மழை 5,000 மில்லிமீட்டரைத் தாண்டும். தென்மேல் பருவ மழை தொடங்கிவிட்டால் துணி காய்வதே பெரும்பாடு. கணினிக்கும் அதே கதிதான். ஈரம் ஏறி விசைகள் ஒட்டிக்கொள்ளும், இடி இடித்தால் பிளக்கைக் கழற்ற வேண்டும், மரம் விழுந்தால் கரண்ட் போகும். அடிக்கடி ‘சேவ்’ பண்ணும் பழக்கத்தை இங்கே ஆசிரியர் வற்புறுத்த வேண்டியதில்லை, மழையே பழக்கிவிடும். 2022 பொருளாதார நெருக்கடியில் நாடு முழுக்க மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனபோது, மற்ற ஊர்களும் இதைக் கற்றுக்கொண்டன.

செக்ரோலும் விரிதாளும்

விரிதாள் மென்பொருள் 1979இல் ‘விசிகால்க்’ என்ற பெயரில் அமெரிக்காவில் வந்தது; மைக்ரோசொப்டின் எக்செல் 1985இல் வந்தது. ஆனால் ஆட்களின் பெயரை வரிசையாக இறக்கி, நாட்களைக் குறுக்கே ஓடவிட்டு, கடைசிப் பத்தியில் கூட்டுத்தொகை போடும் தாள் தோட்டத்துக்குப் புதிதல்ல. அதுதான் செக்ரோல். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் கூடியவருக்கு மலையில் வேலை முடிந்ததும் ‘பேர்’, அதாவது ஒரு நாள் வேலைக் கணக்கு, விழும். கொழுந்து நிறுவை குறைந்தால் அரைப்பேர். மாதக் கடைசியில் ஆபிஸ் கிளாக்கர் அந்தப் பேர்களைக் கூட்டிச் சம்பளம் போடுவார். 1992இல் தோட்டங்கள் பிராந்தியக் கம்பனிகளின் நிருவாகத்துக்குப் போன பிறகு, இந்த நீளப் புத்தகம் படிப்படியாகக் கணினிக்குள் ஏறியது. ஆகவே விரிதாளைக் கற்பிக்கத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் செக்ரோலை விடப் பொருத்தமான உதாரணம் இல்லை. பாடப்புத்தகங்களோ இன்னமும் ஐந்து மாணவரின் மூன்று பாடப் புள்ளிகளையே கூட்டிக்கொண்டிருக்கின்றன.

2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. அந்தக் கணக்கில் ஒருவருக்கு மாதத்தில் 22 பேர் விழுந்தால் 29,700. இதில் ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடம் பிடிப்பது 8 சதவீதம், அதாவது 2,376 ரூபாய். கம்பனி தன் பங்குக்கு 12 சதவீதமாக 3,564 ரூபாய் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 சதவீதம், 891 ரூபாய். அதையும் கம்பனிதான் கட்ட வேண்டும். இந்தக் கணக்கை ஒரு வரியில் சூத்திரமாக எழுதிவிட்டு, கலத்தின் வலது கீழ் மூலையில் உள்ள சின்னச் சதுரத்தைப் பிடித்து இழுத்தால் நூறு பேருக்கும் சம்பளம் வந்துவிடும் என்றுதான் வகுப்பில் சொல்வார்கள்.

வராது. முதல் ஆளுக்கு 29,700 என்று சரியாக வரும், இரண்டாவது ஆளுக்குப் பூச்சியம் விழும். காரணம் எளிது. 1,350 என்ற தொகை தாளின் மேலே ஒரே கலத்தில் இருக்கிறது. சூத்திரத்தைக் கீழே இழுக்கும்போது அது பார்க்கும் இடமும் ஒரு படி கீழே இறங்கி, வெறுங்கலத்தைப் பெருக்கிவிடுகிறது. கலத்தின் முகவரியில் டொலர் குறி போட்டுப் பூட்டினால் நகராது. எக்செல் தெரியும் என்று சொல்பவருக்கு உண்மையாகவே தெரியுமா என்று அறிய இந்த டொலர் குறி ஒன்றே போதும்.

அடுத்த பொறி அடையாள அட்டை எண். 2016 முதல் தேசிய அடையாள அட்டைக்கு 12 இலக்க எண் கொடுக்கிறார்கள். அதை அப்படியே தட்டினால் எக்செல் அதைப் பெருந்தொகை என்று நினைத்துக்கொண்டு, 1.99 என்று தொடங்கி நடுவில் ஆங்கில ‘ஈ’ போட்டுச் சுருக்கிக் காட்டும். தொலைபேசி எண்ணின் முன்னால் உள்ள பூச்சியமும் காணாமல் போகும். எண் என்றாலும் இவை கூட்டிக் கழிப்பதற்கானவை அல்ல. பத்தியை முதலிலேயே ‘எழுத்து’ என்று மாற்றிவைக்க வேண்டும், அல்லது எண்ணுக்கு முன் ஒற்றை மேற்கோள் குறி போட வேண்டும்.

பெயரில் விழும் பிழையோ கணினியோடு நிற்பதில்லை. பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி, சேமலாப நிதிப் பதிவில் மூன்றாவது மாதிரி என்று ஒரே ஆளின் பெயர் ஆங்கிலத்தில் பல விதமாக எழுதப்பட்டிருப்பது மலையகத்தின் பழைய நோய். முப்பது வருடம் கொழுந்து பறித்தவர் தன் பணத்தை எடுக்கப் போகும்போது, ஓர் எழுத்துக்காகச் சத்தியக் கடதாசியோடு அலைய நேர்கிறது. தரவு உள்ளிடும் வேலையில் வேகத்தைத்தான் எல்லோரும் அளக்கிறார்கள். இங்கே முதலில் அளக்க வேண்டியது, அட்டையைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து அப்படியே தட்டும் பொறுமையை.

மூன்று மொழி விசைகள்

வட்டவளை அடங்கும் அம்பகமுவ பகுதி தமிழும் சிங்களமும் நிருவாக மொழிகளாக உள்ள பிரதேசம். கம்பனிக் கடிதங்கள் ஆங்கிலத்தில் போகும். எனவே ஆபிஸ் வேலைக்குப் போகும் பிள்ளைக்கு ஒரு விசைப்பலகை போதாது.

தமிழில் நெடுங்காலம் ஆட்சி செய்தது பாமினி எழுத்துரு. அதில் ‘தமிழ்’ என்று எழுத ஆங்கில விசைகளில் ஜே, கே, பி, ஓ என்று தட்டி, கடைசிப் புள்ளிக்கு அரைப்புள்ளி விசையை அழுத்த வேண்டும். பழகிய விரல் மின்னலாக ஓடும். ஆனால் கணினி சேமித்துக்கொள்வது அந்த ஆங்கில எழுத்துகளைத்தான், தமிழ் வெறும் மேல்பூச்சு. பாமினி இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் பூச்சு உதிர்ந்து ஆங்கிலக் குப்பை தெரியும். வேலைக்கு அனுப்பிய சுயவிபரக் கோவை இப்படிப் போய்ச் சேர்ந்தால், எதிர்முனையில் இருப்பவர் அதை மூடிவிட்டு அடுத்ததைத் திறப்பார்.

இதற்கு மருந்து யுனிகோட். இலங்கையில் தமிழ் யுனிகோட்டுக்கான தரம் எஸ்.எல்.எஸ். 1326, அதன் விசைப்பலகை ரெங்கநாதன் முறையைத் தழுவியது. பாமினியில் பழகியவருக்கு அது அந்நியமாகத் தெரியாது. பழைய பாமினிக் கோப்புகளை யுனிகோட்டுக்கு மாற்ற, சுரதா யாழ்வாணன் செய்த எழுத்துரு மாற்றி பலருக்குக் கைகொடுத்திருக்கிறது. சிங்களத்துக்கு விஜேசேகர விசைப்பலகை உண்டு. கைபேசியில் ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் வரவழைக்கும் இளையவர்கள் இவை எதற்கு என்று கேட்கிறார்கள். நாலு வரிச் செய்திக்கு அது போதும். ஒரு நாளைக்கு நாற்பது படிவம் அடிக்கும் வேலைக்கு விரல்தான் விசையை அறிந்திருக்க வேண்டும்.

படிக்கும் இடங்களும் சான்றிதழும்

உயர்தரம் படிக்கிறவர்கள் 12ஆம் தரத்தில் பொதுத் தகவல் தொழில்நுட்பப் பரீட்சை எழுதுகிறார்கள். சாதாரண தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் விருப்பப் பாடமாக இருக்கிறது. பள்ளிக்கு வெளியே, 1995இல் அமைந்த தொழிற்பயிற்சி அதிகார சபை, தேசிய இளைஞர் சேவைகள் மன்றம், சௌமியமூர்த்தி தொண்டமான் பெயரில் ஹட்டன் பகுதியில் இயங்கும் தொழிற்பயிற்சி நிலையம், தோட்டங்களில் அமைத்த பிரஜாசக்தி நிலையங்கள் ஆகியவை உண்டு. கிராமங்களுக்குக் கணினியும் இணையமும் கொண்டுபோன ‘நெனசல’ திட்டம் 2014இல் கேட்ஸ் அறக்கட்டளையின் பத்து லட்சம் டொலர் விருதைப் பெற்றது. மற்றவை ஹட்டன், நாவலப்பிட்டி டவுன்களில் மாடிப்படி ஏறிப் போகும் தனியார் வகுப்புகள்.

சான்றிதழ் எல்லாம் ஒன்றல்ல. நாட்டின் தேசிய தொழில் தகைமை, அதாவது என்.வீ.கியூ., ஏழு மட்டங்கள் கொண்டது. அலுவலகக் கணினிக்குரியது மூன்றாம் மட்டமான கணினிப் பிரயோக உதவியாளர். அதற்கு மேலே நான்காம் மட்டத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பவியலாளர் தகைமை இருக்கிறது. தனியார் வகுப்பு பொன்னிற ஓரம் போட்டுக் கொடுக்கும் ‘டிப்ளோமா’ இந்த மட்டங்களில் எங்கே நிற்கிறது என்று பணம் கட்டுவதற்கு முன்னமே கேட்பது நல்லது. மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் அந்த நிறுவனம் பதிவாகியிருக்கிறதா, அந்தப் பயிற்சிநெறி அங்கீகாரம் பெற்றதா என்பவை இரண்டு தனிக் கேள்விகள்.

கணினி அறிவை அளக்கும் புள்ளிவிபரத்தையும் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் வரைவிலக்கணப்படி, 5 முதல் 69 வயதுக்குள் தானாகக் கணினியைப் பயன்படுத்தக்கூடியவர் எவரும் கணினி அறிவுடையவரே. ஐந்து வயதுக் குழந்தை கணினியில் விளையாடினாலும் சேர்த்தி. அவ்வளவு தாராளமாக அளந்தும் 2019இல் நாடு முழுவதற்கும் கிடைத்தது 30.8 சதவீதம். நகரம், கிராமம், தோட்டம் என்ற மூன்றில் தோட்டம்தான் கடைசி.

குறைவது பாடமல்ல, மெஷினுக்கு முன்னால் உட்காரும் நேரம். வாரத்தில் இரண்டு மணித்தியாலம், ஒரு கணினிக்கு இரண்டு பேர் என்றால் விரலுக்குக் கிடைப்பது ஒரு மணித்தியாலம். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் கைபேசி இருக்கும், கணினி இருப்பது அபூர்வம்.

வேலை

படித்தவர்களில் சிலர் தோட்ட ஆபிஸுக்கும் பெக்டரிக்கும் போகிறார்கள்; அந்த இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஹட்டனில் லீசிங் கம்பனி, பாமசி, சுப்பர் மார்க்கெட் காசாளர் வேலைகள் உண்டு. பெரும்பாலோர் கொழும்புக்குத்தான் ரயில் ஏறுகிறார்கள். புறக்கோட்டைக் கடையில் பில் போடுபவருக்கும் இன்று விரிதாள் வேண்டியிருக்கிறது.

ஊரில் தங்குகிறவர்களுக்கு ‘கொமியூனிகேஷன்’ இருக்கிறது. போட்டோக் கொப்பி, டைப்செட்டிங், ரீலோட், பரீட்சைப் பெறுபேறு பார்த்துக் கொடுப்பது, வெளிநாட்டு வேலைக்குப் படிவம் நிரப்புவது எல்லாம் அந்தப் பத்தடிக் கடையில் நடக்கும். அங்கே கை உதவிக்கு நிற்கும் பிள்ளை ஒரு வருடத்தில் வகுப்பில் கிடைக்காத பழக்கத்தைப் பெற்றுவிடும், கையில் கடதாசி மட்டும் இருக்காது. என்.வீ.கியூ. முறையில் இதற்கும் வழி உண்டு. முன்பே பெற்ற தேர்ச்சியை ஏற்றுக்கொள்ளும் ஏற்பாட்டின் கீழ், தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபைக்கு விண்ணப்பிக்கலாம். வகுப்புக்குப் போனாரா என்று கேட்க மாட்டார்கள். மதிப்பீட்டாளர் முன்னால் உட்கார்ந்து வேலையைச் செய்து காட்ட வேண்டும்.