ஏழாவது மஞ்சள் விசை

நிதிச் சந்தை விவரங்களைத் தரும் ப்ளூம்பெர்க் டெர்மினலின் கீபோர்டில் மேல்வரிசையில் பத்து மஞ்சள் விசைகள் இருக்கும். நம் கணினியில் எஃப்2 முதல் எஃப்11 வரை இருக்கும் அதே இடம். முதல் விசை அரசுக் கடன் பத்திரத்துக்கு. அடுத்தது கம்பெனிகள் வெளியிடும் கடன் பத்திரத்துக்கு. பிறகு வீட்டுக் கடன் பத்திரம், பணச் சந்தை, நகராட்சிப் பத்திரம், முன்னுரிமைப் பங்கு என்று போகும். மார்க்கெட் என்றதும் நம் நினைவுக்கு வருகிற சாதாரணப் பங்குக்கு ஏழாவது இடம்தான். சரக்கு, குறியீடு, நாணயம் எல்லாம் அதற்கும் பின்னால். இந்தக் கருவியின் ஜாதகமே இந்த வரிசையில்தான் இருக்கிறது.

பங்குகளுக்கு நியூயார்க்கில் 1867-லேயே விலை சொல்லும் இயந்திரம் வந்துவிட்டது. டிக்கர் என்ற அந்த இயந்திரம், காகிதச் சுருளில் விலையை அச்சடித்துத் தள்ளிக்கொண்டே இருக்கும். கடன் பத்திரத்துக்கு அப்படி எதுவும் இல்லை. அது பெரும்பாலும் டீலர்களுக்குள் தொலைபேசியிலேயே கைமாறிய சரக்கு. நியாயமான விலை என்னவென்று விற்பவருக்குத் தெரியும், வாங்குபவர் அவர் சொன்னதை நம்ப வேண்டியதுதான். போதாக்குறைக்குக் கணக்கும் கடினம். விலை, வட்டி, முதிர்வுத் தேதி மூன்றையும் சேர்த்து, யீல்டு என்று சந்தைக்காரர்கள் சொல்லும் வருவாய் விகிதத்தைக் கண்டுபிடிப்பது மனக்கணக்கில் நடக்கிற காரியமில்லை.

இந்தப் பள்ளத்தை உள்ளிருந்து பார்த்தவர் மைக்கேல் ப்ளூம்பெர்க். சாலமன் பிரதர்ஸ் நிறுவனத்தில் பங்கு வர்த்தகத்தைக் கவனித்தவரை, பிறகு கணினிப் பிரிவுக்குத் தள்ளினார்கள். 1981-ல் ஃபிப்ரோ என்ற சரக்கு வணிக நிறுவனம் சாலமனை வாங்கியபோது வேலையும் போயிற்று. பங்குதாரர் என்ற முறையில் கைக்கு வந்தது சுமார் 1 கோடி டாலர். அந்தப் பணத்தில், தாமஸ் செகுண்டா, டங்கன் மெக்மில்லன், சார்லஸ் ஜெகர் ஆகியோரைச் சேர்த்துக்கொண்டு இன்னொவேட்டிவ் மார்க்கெட் சிஸ்டம்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார்.

முதல் வாடிக்கையாளர் மெரில் லிஞ்ச் என்ற முதலீட்டு நிறுவனம். கடன் பத்திரத்தின் விலையையும் யீல்டையும் கணக்கிட்டுக் காட்டும் இயந்திரத்தை நாங்களே செய்துகொள்வோம் என்றார்களாம் அங்கிருந்த கணினிப் பிரிவினர். ஆறு மாதத்தில் கொண்டுவருகிறேன், பிடிக்காவிட்டால் காசு தர வேண்டாம் என்று ப்ளூம்பெர்க் சொல்ல, பேரம் முடிந்தது. 'மார்க்கெட் மாஸ்டர்' என்ற பெயரில் இருபது சொச்சம் இயந்திரங்கள் போயின. பிறகு மெரில் 3 கோடி டாலர் போட்டு 30 சதவீதப் பங்கையே வாங்கிக்கொண்டது. எவ்வளவு நல்ல முதலீடு என்பது 2008-ல் தெரிந்தது. மெரிலிடம் மிச்சமிருந்த 20 சதவீதத்தைத் திரும்ப வாங்க ப்ளூம்பெர்க் தரப்பு 400 கோடி டாலருக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது.

தொடக்கத்தில் அது தனி இயந்திரம். திரை, பெட்டி, கீபோர்டு எல்லாம் கம்பெனியுடையவை. டைப்ரைட்டர் பக்கமே போகாத டிரேடர்களுக்காகச் செய்தது என்பதால் விசைகளுக்கு நிறம் பூசினார்கள். சந்தை மஞ்சள், செயல் பச்சை, நிறுத்தம் சிவப்பு. பெட்டி பிறகு காணாமல் போயிற்று. இன்று டெர்மினல் என்பது சாதாரணக் கணினியில் ஏற்றிக்கொள்ளும் மென்பொருள்தான். கறுப்புத் திரையும் ஆரஞ்சு எழுத்தும் வண்ணக் கீபோர்டும் மட்டும் நிலைத்துவிட்டன. அழகில்லை என்று குறை சொல்பவர்கள் உண்டு. பழகிய கை மாற விடாது என்பது என் கணிப்பு.

ஆண்டுச் சந்தா 20,000 டாலருக்கு மேல். ஆனாலும் 3 லட்சத்துக்கும் அதிகமானோர் கட்டுகிறார்கள். விலை விவரம் மட்டும் போதுமென்றால் மலிவான மாற்றுகள் எத்தனையோ உண்டு. உள்ளே இருக்கும் அரட்டை வசதிதான் ஆளைக் கட்டிப்போடுகிறது. எதிர்த் தரப்பு டீலர் அதில் உட்கார்ந்திருக்கும்போது நீங்கள் மட்டும் வெளியே நிற்க முடியாது. 2015 ஏப்ரல் 17 அன்று சில மணி நேரம் டெர்மினல்கள் முடங்கியபோது, பிரிட்டிஷ் அரசு 300 கோடி பவுண்டு குறுகிய காலக் கடன் பத்திர விற்பனையையே தள்ளிவைத்தது. ஒரு தனியார் கம்பெனியின் கம்பி அறுந்தால் ஓர் அரசாங்கம் கடன் வாங்க முடியாமல் நிற்கிறது. இது நல்லதற்கல்ல. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான், வாடிக்கையாளர்கள் எப்போது உள்ளே வந்தார்கள் என்பதை ப்ளூம்பெர்க்கின் செய்தியாளர்களே பார்க்க முடிந்த விவகாரம் வெளியாகி, கம்பெனி மன்னிப்பும் கேட்டிருந்தது.

புதிதாக உட்காருகிறவர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது கட்டளையின் வரிசையை. பெயர், சந்தை, வேலை, 'கோ'. ஐபிஎம் பங்கைப் பார்க்க ஐபிஎம், நாட்டைக் குறிக்கும் யுஎஸ், பிறகு அந்த ஏழாவது மஞ்சள் விசை. அடுத்து டிஇஎஸ் என்று தட்டிப் பச்சை நிற 'கோ'வை அழுத்தினால் கம்பெனியின் முழு விவரம் வரும். டிஇஎஸ் இடத்தில் ஜிபி என்றால் விலை வரைபடம், எஃப்ஏ என்றால் நிதிக் கணக்குகள். ஆயிரக்கணக்கான கட்டளைகள் உண்டு, மனப்பாடம் செய்யக் கிளம்பாதீர்கள். 'ஹெல்ப்' விசையை ஒருமுறை தட்டினால் அந்தத் திரைக்கான விளக்கம் வரும். இருமுறை தட்டினால் மறுமுனையில் ஒரு மனிதரே பதில் சொல்வார், கூச்சப்படாமல் கேளுங்கள். சந்தா கட்ட முடியாதவர்களுக்குப் பல்கலைக்கழக நூலகங்களும் வணிகக் கல்லூரிகளின் ஆய்வுக்கூடங்களும் உண்டு. அங்கே 'ப்ளூம்பெர்க் மார்க்கெட் கான்செப்ட்ஸ்' என்ற சில மணி நேரப் பயிற்சியை முடித்துவிட்டு விசைகளைத் தட்டத் தொடங்கலாம்.

சொந்தக் காசில் பத்துப் பங்கு வாங்கி வைத்திருப்பவருக்கு இது தேவையே இல்லை. இது கடன் பத்திரக்காரர்களுக்காகப் பிறந்தது, இன்றும் கொடுக்கிற காசுக்குக் கணக்குத் தீர்ப்பது அவர்களுக்குத்தான்.